ஊரப்பாக்கத்துக்குள் 'ஊர்' இருக்கிறதா? தமிழ்ச் சொல் விளையாட்டில் குட்டிச் சொற்களைப் பிடிப்பது எப்படி?

தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயில். வண்டலூர் தாண்டி வரும் ஸ்டேஷன் ஊரப்பாக்கம். அந்த மஞ்சள் போர்டில் இருக்கும் எழுத்துகளை மட்டும் வைத்து சின்னச் சின்ன சொற்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலருக்கும் முதலில் தோன்றும் பதில் 'ஊர்'.

ஆனால் அது தப்பு. ஊரப்பாக்கம் என்ற பெயரில் 'ர' இருக்கிறது, 'ர்' இல்லை. தமிழில் இரண்டும் வேறு வேறு எழுத்துகள். எழுத்தை மாற்றாமல் விளையாட வேண்டும் என்ற விதி இருந்தால், ஊரப்பாக்கத்துக்குள் 'ஊர்' கிடையாது!

செல்போனில் தமிழ்ச் சொல் விளையாட்டு ஆடுபவர்கள் அடிக்கடி முட்டி நிற்கும் இடம் இதுதான். சரியான சொல்லைத்தான் போடுகிறோம், ஆப் ஏற்க மறுக்கிறது. 'நமக்குத் தமிழே சரியாக வரவில்லை போல' என்று குழந்தைகள் விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பிரச்னை பெரும்பாலும் சொல்லில் இல்லை. எழுத்தை எண்ணும் முறையில் இருக்கிறது. அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால், இலக்கணப் புத்தகமே உங்களுக்கு 'ஹிண்ட்' கொடுக்க ஆரம்பித்துவிடும். எப்படி என்று விரிவாகப் பார்ப்போம்.

எழுத்தை எண்ணுவது எப்படி?

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247 எழுத்துகள். 'பா' என்பது ஒரு எழுத்து. 'ப்' என்பது இன்னொரு எழுத்து. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனி எழுத்து இல்லை.

இந்தக் கணக்குப்படி சில ஊர்களை எண்ணிப் பாருங்கள்.

- ஊரப்பாக்கம்: ஊ, ர, ப், பா, க், க, ம் - 7 எழுத்து
- வண்டலூர்: வ, ண், ட, லூ, ர் - 5 எழுத்து
- கூடுவாஞ்சேரி: கூ, டு, வா, ஞ், சே, ரி - 6 எழுத்து
- பொத்தேரி: பொ, த், தே, ரி - 4 எழுத்து
- மாமல்லபுரம்: மா, ம, ல், ல, பு, ர, ம் - 7 எழுத்து

வண்டலூரிலும் இதே வேடிக்கை உண்டு. 'லூ' இருக்கிறது, 'ல்' இல்லை. அதனால் வண்டலூருக்குள் 'வண்டல்' கிடைக்காது.

இன்னொரு கணக்கும் தமிழில் உண்டு. கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் ஒரு அடிக்கு 16 அல்லது 17 எழுத்து வர வேண்டும். அங்கே புள்ளி வைத்த எழுத்துகளை எண்ண மாட்டார்கள். அந்த முறையில் ஊரப்பாக்கம் வெறும் 4 எழுத்துதான். சில குறுக்கெழுத்துப் பிரியர்கள் 'ஒற்றைச் சேர்க்கணுமா, வேணாமா?' என்று கேட்பது இதனால்தான். பத்திரிகைப் புதிர்களிலும் ஆப்களிலும் புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் கொடுப்பதே பொது வழக்கம்.

ஃபோன் ஏன் தப்பாக எண்ணுகிறது?

ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் தமிழ் யூனிகோட் முறையில் சேமிக்கப்படுகிறது. அதில் 'க' என்பதற்கு ஒரு குறியீடு. புள்ளிக்குத் தனியாக ஒரு குறியீடு. 'க்' என்று நீங்கள் பார்ப்பது, உள்ளே இரண்டு குறியீடுகள். 'பா' என்பதும் ப + துணைக்கால் என்று இரண்டு.

ஊரப்பாக்கம் என்ற பெயரை இப்படி எண்ணினால் 7 எழுத்து 11 ஆகிவிடும். ஆங்கில விளையாட்டுக்காக எழுதிய நிரலை அப்படியே தமிழுக்கு மாற்றினால், 7 கட்டம் வர வேண்டிய இடத்தில் 11 கட்டம் வரும். சில கட்டங்களில் வெறும் புள்ளி மட்டும் தொங்கும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு கொடுக்கும் 'தமிழ் அனைத்து எழுத்துக் குறியீடு' என்ற முறையை 2010-ல் தமிழக அரசு யூனிகோடுடன் சேர்த்து அங்கீகரித்தது. யூனிகோடிலேயே இருந்துகொண்டு எழுத்தைச் சரியாகப் பிரிக்க 'ஓப்பன்-தமிழ்' போன்ற இலவச நிரல் தொகுப்புகளும் இருக்கின்றன. இதைக் கவனித்துச் செய்த ஆப்பா, கவனிக்காமல் செய்த ஆப்பா என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். 'தமிழ்' என்று போட்டுப் பாருங்கள். 3 கட்டம் எடுத்தால் நல்ல ஆப். 5 எடுத்தால் வேறு ஆப் தேடலாம்.

டைப் செய்யும்போது இன்னொரு பொறி இருக்கிறது. 'ஔ', 'கௌ', 'வௌ' ஆகியவற்றின் பின்னால் வரும் குறி பார்ப்பதற்கு 'ள' மாதிரியே இருக்கும். அவசரத்தில் 'வெ' போட்டு 'ள' போட்டால், கண்ணுக்கு 'வௌ' போலத் தெரியும். ஆனால் ஆப்புக்கு அது இரண்டு எழுத்து. பதில் சரியாக இருந்தும் 'தவறு' என்று வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

ஒரே எழுத்தில் 42 சொற்கள்

ஆங்கில ஸ்கிராபிள் ஆடுபவர்கள் இரண்டெழுத்துச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வார்கள். தமிழில் அதைவிடச் சின்னது இருக்கிறது. ஒரே எழுத்து, முழுச் சொல். இதற்கு 'ஓரெழுத்து ஒருமொழி' என்று பெயர். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், இப்படி 42 சொற்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறது. அதில் 40 நெடில், 2 குறில்.

முழுப் பட்டியல் இதோ. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

- உயிர் (6): ஆ - பசு, ஈ - கொடு, பூச்சி, ஊ - இறைச்சி, ஏ - அம்பு, ஐ - தலைவன், அழகு, ஓ - மதகில் நீரைத் தாங்கும் பலகை
- ம (6): மா - மாமரம், பெரிய, மீ - மேல், மூ - மூப்பு, மே - மேன்மை, மை - கண்மை, மோ - முகர்
- த (5): தா - கொடு, தீ - நெருப்பு, தூ - தூய்மை, தே - தெய்வம், தை - மாதம், துணி தை
- ப (5): பா - பாட்டு, பூ - மலர், பே - அச்சம், நுரை, பை - பை, போ - செல்
- ந (5): நா - நாக்கு, நீ - முன்னிலை, நே - அன்பு, நை - நைந்துபோ, நோ - நோவு
- க (4): கா - சோலை, காப்பாற்று, கூ - பூமி, கை - கரம், கோ - அரசன்
- வ (4): வா - வருக, வீ - மலர், வை - வைத்தல், வௌ - பறித்துக்கொள்
- ச (4): சா - இறந்துபோ, சீ - இகழ்ச்சி, சே - எருது, சோ - மதில்
- ய (1): யா - ஒரு வகை மரம்
- குறில் (2): நொ - துன்பப்படு, து - உண்

பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு இது பழகிய பட்டியல். விளையாட்டில் இதன் பயன் வேறு. கட்டத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கும்போது, அங்கே எந்தெந்த எழுத்து தனியாகவே சொல்லாகும் என்று உடனே தெரிந்துவிடும்.

அதெல்லாம் செத்துப்போன சொற்களா?

இன்றைய பேச்சில் இந்த 42-ல் பாதிகூடத் தேறாது. பூ, தீ, கை, பை, நீ, வா, போ எல்லாம் தெரியும். 'சோ என்றால் மதில்' என்று சொன்னால் யாருக்கும் புரியாது. ஆனால் மற்ற சொற்கள் காணாமல் போய்விடவில்லை. பெரிய சொற்களுக்குள் ஒளிந்துகொண்டு தினமும் நம்முடனேயே வந்துகொண்டிருக்கின்றன. இதே ரயில் பாதையிலேயே பார்க்கலாம்.

காலையில் வாங்கும் ஆவின் பால் பாக்கெட். ஆ + இன் = ஆவின். 'பசுவின்' என்று பொருள். வண்டலூர் உயிரியல் பூங்கா. பூ + கா = பூங்கா. பூக்கள் நிறைந்த சோலை. சிங்கப்பெருமாள் கோவில். கோ + இல் = கோவில். அரசன் இருக்கும் இல்லம். மாமல்லபுரம். மா + மல்லன். 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் பட்டப் பெயர் மாமல்லன்.

'ஓ' என்ற சொல்லுக்கு மதகுப் பலகை என்று பொருள் என்றால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். செங்கல்பட்டுக்கு 'ஏரி மாவட்டம்' என்றே ஒரு பெயர் உண்டு. ஏரியில் தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் ஊரின் உயிர்ப் பிரச்னையாக இருந்த காலத்தில், அந்தப் பலகைக்கு ஒரே எழுத்தில் பெயர் இருந்திருக்கிறது. ஏரிகள் பிளாட்டுகளுக்கு நடுவே சுருங்க, மதகைத் தெரிந்தவர்கள் குறைய, அந்தப் பெயரும் பேச்சில் இருந்து நழுவிவிட்டது. ஒரு சொல் போகும்போது அதனுடன் ஒரு வேலையும் போகிறது என்பதற்கு இந்த 'ஓ' ஒரு சாட்சி.

எந்த எழுத்து முதலில் வரும்? எது கடைசியில் வரும்?

எழுத்துகளைக் கலைத்துக் கொடுத்துவிட்டு 'சொல் கண்டுபிடி' என்றால், எல்லா வரிசையையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. இலக்கணம் பாதி வழிகளை முன்பே அடைத்துவிடுகிறது.

சொல்லின் முதலில் வரக்கூடியவை:

- உயிர் எழுத்து 12-ம் வரும்
- க, ச, த, ந, ப, ம வரிசைகளில் எல்லாமே வரும்
- வ வரிசையில் 8 (வு, வூ, வொ, வோ வராது)
- ய வரிசையில் 6 (ய, யா, யு, யூ, யோ, யௌ)
- ஞ வரிசையில் 4 (ஞ, ஞா, ஞெ, ஞொ)
- ங மட்டும் 1

ஆக நன்னூல் கணக்கில் மொத்தம் 103. மெய்யெழுத்து எதுவும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் வராது. ரயில், லட்டு, டீ எல்லாம் வெளியில் இருந்து வந்த சொற்கள். இந்த விதியைக் காப்பாற்றத்தான் பழைய புத்தகங்களில் 'இராமன்', 'உலோகம்', 'இரயில்' என்று முன்னால் ஓர் உயிரைச் சேர்த்து எழுதினார்கள்.

சொல்லின் கடைசியில் வரக்கூடியவை:

- புள்ளி எழுத்துகளில் ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் ஆகிய எட்டும்தான் இன்றைய வழக்கில் கடைசியில் வருகின்றன
- ஞ், ந், வ் மூன்றும் வரலாம் என்கிறது இலக்கணம். ஆனால் உரிஞ், வெரிந், தெவ் போன்ற அரிய பழஞ்சொற்களில்தான்
- க், ங், ச், ட், த், ப், ற் கடைசியில் வராது. வந்தால் அது 'கப்', 'பேட்' மாதிரி கடன் வாங்கிய சொல்
- கெ, தொ மாதிரி எகர, ஒகரக் குறிலில் பொதுவாகச் சொல் முடியாது. 'நொ' ஒன்றுதான் விதிவிலக்கு

இன்னொரு முக்கியமான துப்பு: உயிர் எழுத்து சொல்லின் முதலில்தான் வரும். அளபெடை, சில கடன் சொற்கள் தவிர நடுவில் வராது. உங்களிடம் 'ஊ' இருந்தால் அதைத் தூக்கி முதலில் வையுங்கள். வேறு இடத்தில் வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நடுவில் புள்ளி வந்தால் அடுத்தது என்ன?

வார்த்தையை யூகிக்கும் விளையாட்டுகளில் இதுதான் செம உதவி. 2021-ல் ஜோஷ் வார்டில் வெளியிட்ட 'வேர்டில்' பிரபலமானதும் அதே பாணியில் தமிழிலும் விளையாட்டுகள் வந்தன. அதில் ஒரு கட்டத்தில் 'க்' பச்சையாகிவிட்டது என்றால், அடுத்த கட்டமும் கிட்டத்தட்ட தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

- க், ச், த், ப்: அடுத்து அதே வரிசைதான் வரும். பக்கம், பச்சை, பத்து, பப்பாளி. (சக்தி, சப்தம் போன்றவை வடசொற்கள்)
- மெல்லினம்: பெரும்பாலும் ஜோடி எழுத்துதான். ங்-க, ஞ்-ச, ண்-ட, ந்-த, ம்-ப, ன்-ற. சங்கு, பஞ்சு, நண்டு, பந்து, பாம்பு, கன்று
- ட், ற்: தன் வரிசையும் வரும், க, ச, ப-வும் வரும். பாட்டு, வெட்கம், காட்சி, காற்று, கற்பு, முயற்சி
- ர், ழ்: இவை இரட்டிக்காது. 'ர்ர', 'ழ்ழ' என்று தமிழில் சொல் இல்லை
- இரண்டு புள்ளி எழுத்து அடுத்தடுத்து வந்தால், முதல் எழுத்து ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வாழ்க்கை, பார்த்து, பாய்ந்து

கடைசி விதியை மறந்துவிடாதீர்கள். கட்டத்தில் தொடர்ந்து இரண்டு புள்ளி வந்தாலே, 18 மெய்யில் 15 அவுட்.

இப்போது ஊரப்பாக்கத்தைப் பிரிப்போம்

கையில் இருப்பவை: ஊ, ர, ப், பா, க், க, ம்.

முதலில் 'ஊ'. அது முதலில்தான் வரும். அடுத்து 'ம்'. அது முதலில் வராது, கடைசியில் வைப்பது நல்லது. 'க்' கடைசியில் வராது. அதற்குப் பின்னால் 'க' வர வேண்டும். எனவே 'க்க' ஒரு ஜோடி. 'ப்' கதையும் அதேதான், 'ப்பா' ஒரு ஜோடி. ஆனால் அந்த ஜோடிக்கு முன்னால் ஊ, ர, க எதை வைத்தாலும் பழக்கத்தில் உள்ள சொல் அமையவில்லை. ஆக 'ப்' இங்கே உதவாத எழுத்து. ஓரம் வைத்துவிடலாம்.

ஏழு எழுத்துக் குழப்பம் இப்போது ரொம்பவே சின்னதாகிவிட்டது. கிடைக்கும் சொற்கள்:

- 1 எழுத்து: ஊ, பா
- 3 எழுத்து: ஊகம், கரம், பாகம், பாரம், ரகம்
- 4 எழுத்து: ஊக்கம், பாக்கம், ஊரகம், பாரகம்

மொத்தம் 11. இதில் 'பாக்கம்' என்றால் கடற்கரைப் பகுதி ஊர் என்பது பழைய பொருள். பிறகு உள்நாட்டு ஊர்களுக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டது. 'ஊரகம்' என்பதை ஊரக வளர்ச்சித் துறை என்ற பெயரில் கேட்டிருப்போம். 'பாரகம்' என்றால் உலகம். 'ரகம்' கடன் சொல் என்பதால் சில ஆப்கள் ஏற்கும், சில ஏற்காது.

'எறும்பு ஊர' என்று சொல்கிறோமே, 'ஊர' ஏன் இல்லை? அது எச்சம். அகராதியில் தலைச்சொல்லாக இருக்காது. அதனால் பெரும்பாலான விளையாட்டுகள் ஏற்பதில்லை.

சில விளையாட்டுகளில் மெய்யும் உயிர்க் குறியும் தனித்தனி வில்லைகளாக வரும். அங்கே 'ர' மேல் புள்ளி வைக்கலாம். அப்போது ஊர், பார், கார் எல்லாம் கிடைத்துவிடும். எனவே ஆரம்பிக்கும் முன் விதியைப் படித்துவிடுவது நல்லது.

இரண்டெழுத்துச் சொற்கள்: கைவசம் வைத்துக்கொள்ள

கடைசி எழுத்தை வைத்துத் தேடுவதுதான் வேகமான வழி.

- ண்: கண், மண், விண், பண், ஆண், பெண், தூண்
- ம்: ஆம், நாம், தாம், யாம்
- ன்: மீன், மான், தேன், வான், பொன், ஊன்
- ய்: தாய், நாய், வாய், காய், நெய், மெய், நோய், பாய்
- ர்: ஊர், ஏர், தேர், நீர், வேர், போர், மோர், நார்
- ல்: கல், சொல், நெல், பல், வில், நூல், பால், தோல்
- ழ்: யாழ், கீழ், கூழ், ஊழ்
- ள்: முள், எள், தேள், நாள், வாள், தோள், தாள்
- ஆ ஒலியில் முடிபவை: நிலா, பலா, விழா, கனா, உலா, சுறா
- ஐ ஒலியில் முடிபவை: மழை, மலை, வலை, அலை, கரை, மடை
- இ ஒலியில் முடிபவை: ஏரி, நரி, புலி, கிளி, படி, கொடி

ஒரு எழுத்து மாறினால் பொருளே மாறும்

குட்டிச் சொற்களில் ஒரு எழுத்து தவறினால் சொல்லே வேறாகிவிடும். உச்சரிப்பில் வித்தியாசம் காட்டாதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

- கரி (அடுப்புக்கரி) - கறி (இறைச்சி)
- அரம் (ராவும் கருவி) - அறம் (தர்மம்)
- மரம் - மறம் (வீரம்)
- பனி (குளிர்காலப் பனி) - பணி (வேலை)
- மனம் (உள்ளம்) - மணம் (வாசனை, திருமணம்)
- தலை - தளை (கட்டு) - தழை (இலை)
- வாளை (மீன்) - வாழை (மரம்)

வீட்டில் குழந்தைகளுடன் ஆடும்போது இந்த ஜோடிகளைத் தனியாக ஒரு சுற்று ஆடலாம். 'ழகரம் தப்பு' என்று திட்டுவதைவிட இது வேலை செய்யும். கட்டம் சிவப்பாகும்போது குழந்தையே திரும்ப யோசிக்கும்.

அந்தக் காலத்திலும் 'வேர்ட் ஃபைண்டர்' இருந்ததா?

இருந்தது. கவிஞர்களுக்கு ஒரே மாதிரி இரண்டாம் எழுத்து உள்ள சொற்கள் வேண்டும். அதுதான் எதுகை. பாட்டு, கூட்டு, வீட்டு என்று அடுக்க வேண்டும். அதற்காகவே சொற்களை எழுத்து வாரியாகப் பிரித்து வைத்தார்கள்.

மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் 11-வது தொகுதி, சொற்களை எதுகை வரிசையில் அடுக்குகிறது. 1594-ல் சிதம்பர ரேவண சித்தர் எழுதிய 'அகராதி நிகண்டு' சொற்களை முதலெழுத்தின்படி அகர வரிசையில் வைத்தது. 'அகராதி' என்ற சொல்லே அப்படிப் பிறந்ததுதான். 1732-ல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகள். அதில் தொடை அகராதி முழுக்க எதுகைக்காகச் சொல் தேடுபவர்களுக்கானது. இன்று சர்ச் பாக்ஸில் செய்வதை அன்று ஓலையில் செய்திருக்கிறார்கள்.

சொல்லில் இருந்து ஓர் எழுத்தை எடுத்து வேறு சொல் ஆக்கும் 'அக்கரச்சுதகம்', நெடிலைக் குறிலாக்கிப் பொருளை மாற்றும் 'மாத்திரைச் சுருக்கம்' எல்லாம் சித்திரகவியில் தனித்தனி வகைகள். ஊக்கம் என்பதில் 'க்' எடுத்தால் ஊகம். காலை சுருங்கினால் கலை. பாடம் சுருங்கினால் படம்.

எந்தச் சொல் செல்லும்? யார் முடிவு செய்வது?

ஆப் எந்த அகராதியை வைத்திருக்கிறதோ அதுதான் நடுவர். இதில் ஒரு சங்கடம் உண்டு. மாமல்லபுரம் கரையோரத்தில் மீன் வாங்கப் போனால் சுறா, காலா, பாறை, கணவா, கொடுவா, மத்தி, இறால் என்று இரண்டு, மூன்று எழுத்துச் சொற்கள் வலை நிறைய கிடைக்கும். அகராதி தொகுத்தவர் கடல் பக்கம் போகாதவராக இருந்தால், 'காலா' போட்டாலும் 'அப்படி ஒரு சொல் இல்லை' என்று ஆப் சொல்லும். அந்த மீனை தினமும் விற்பவருக்கு அந்தச் சொல் இல்லை என்று ஒரு மெஷின் சொன்னால் எப்படி இருக்கும்?

ஆப் மறுத்தால் உடனே தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டாம். இவற்றில் சரிபார்க்கலாம்:

- சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன்: பழைய சொற்களுக்கு
- க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (முதல் பதிப்பு 1992): இன்றைய வழக்குக்கு
- தமிழ் விக்சனரி: யார் வேண்டுமானாலும் சொல் சேர்க்கலாம்
- தமிழ் இணையக் கல்விக்கழகத் தளம், தமிழக அரசின் சொற்குவை தளம்

பல ஆப்களில் 'சொல்லைப் பரிந்துரை' என்ற பட்டன் இருக்கும். விடுபட்ட சொல்லை அனுப்பலாம். விக்சனரியில் நீங்களே பொருளுடன் சேர்த்துவிடலாம்.

பணம் கட்டச் சொன்னால் உஷார்!

சொல் விளையாட்டில் பணம் புகுந்தது புதிது இல்லை. சுதந்திரத்துக்கு முன்பே தமிழ் இதழ்கள் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் நடத்தின. நுழைவுக் கட்டணம், பெரிய பரிசு என்று அது சூதாட்டமாகப் போகிறது என்ற புகார்கள் எழுந்தன. சென்னை உள்ளிட்ட மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றிய பிறகு, 1955-ல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. எழுத்துகளையும் சொற்களையும் மாற்றி அடுக்கும் புதிர்கள் அதில் வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டுள்ளன. மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கொடுக்கத் தடை. சூதாட்டத் தன்மை உள்ள போட்டிகளுக்குத்தான் இது பொருந்தும், திறமைப் போட்டிகளுக்கு இல்லை என்று 1957-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் இன்னும் கறாரானது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டு என்றால், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடை. பந்தயம் இல்லாத பொழுதுபோக்கு விளையாட்டுகளுக்குத் தடை இல்லை.

எனவே 'ஐந்து சொல் கண்டுபிடித்தால் பரிசு, முதலில் கொஞ்சம் பணம் போடுங்கள்' என்று எந்த ஆப் கேட்டாலும், லிங்க் வந்தாலும் தொடவே வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

உங்களுக்கு ஒரு டெஸ்ட்

ரயில் கடைசியாக நிற்கும் ஊர் செங்கல்பட்டு. எழுத்துகள்: செ, ங், க, ல், ப, ட், டு. ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. குறைந்தது 6 சொற்கள் கண்டுபிடியுங்கள். துப்பு: 'ல்' கடைசியில் வரும். 'ட்' அருகில் 'டு' வரும். 'ங்' அருகில் 'க' வரும்.

முடித்துவிட்டீர்களா? விடை: கல், பல், செல், பகல், கட்டு, பட்டு, செங்கல்.

ஊரப்பாக்கத்தில் ஊர் கிடைக்கவில்லை, வண்டலூரில் வண்டல் கிடைக்கவில்லை. செங்கல்பட்டில் மட்டும் செங்கல் முழுசாகக் கிடைத்துவிட்டது. அடுத்து மாமல்லபுரம். அதற்குள் ஒரு மாமரம் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.